பனையின் வைரம்: பொறியியலாளர் பஸ்லுர் ரஹ்மான் கான் நினைவாக

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டுக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் ஒரு நினைவுரை ஆற்றவேண்டும் என்று செயற்குழு எமது வகுப்பாரைக் கேட்டது. வகுப்பார் என்று சொன்னால் பெரிய கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 1974ஆம் ஆண்டில் இக்கல்லூரியின் உயர்தர வகுப்பில் தூய கணிதமும் பிரயோக கணிதமும் படித்தவர்கள் நாங்கள் ஐந்தே பேர். ஒருத்தி பேராதனைக்குப் போய்ப் பொறியியலாளர் ஆனாள். இருவர் ஆசிரியைகள் ஆனோம். ஒருத்தி வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றாள். ஒருத்தி கனடாவில் பேரப்பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்பாடு சொல்லிக் கொடுக்கிறாள். ஐவரும் கூடிப் பேசி எழுதிய உரையை ஒருவர் வாசிக்கிறோம்.

யாரை நினைவுகூரப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். பஸ்லுர் ரஹ்மான் கான் என்றோம். வங்காளத்தில் பிறந்து சிக்காகோவில் வாழ்ந்த ஒரு கட்டடப் பொறியியலாளர். இக்கல்லூரியின் வாசலை அவர் மிதித்ததில்லை. எமது தாபகர்கள் இருக்க, அதிபர்கள் இருக்க, அந்நியர் ஒருவர் எதற்கு என்று சிலர் முகம் சுளித்தது எமக்குத் தெரியும். கேள்வி நியாயமானது. ஆகவே அதற்கு முதலில் பதில் சொல்லி விடுகிறோம்.

அந்த ஆண்டு எமது கணித ரீச்சர் ஒருநாள் பத்திரிகை நறுக்கு ஒன்றைக் கொண்டுவந்து வகுப்பறைப் பலகையில் குத்தினார். உலகத்திலேயே உயரமான கட்டடம் சிக்காகோவில் எழுந்துவிட்டது என்பது செய்தி. படத்தின் கீழே ஒரு வரியில், அதன் கட்டமைப்பை வடிவமைத்தவர் டாக்காவில் படித்தவர் என்று இருந்தது. அந்த வரியின் கீழ் ரீச்சர் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் அன்றைய பாடத்தைத் தொடங்கிவிட்டார். பெண் பிள்ளைகளுக்குப் பிரயோக கணிதம் எதற்கு என்று வீட்டிலும் வீதியிலும் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. எமக்கு அந்தச் சிவப்புக் கோடு போதுமாயிருந்தது. ரீச்சர் இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். தன்னுடைய பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவரது கட்டளை. ஐம்பது வருடங்களின் பின்னும் அவருடைய கட்டளையை மீற எமக்குத் துணிவில்லை.

இனி அந்தப் பொறியியலாளரிடம் வருவோம்.

பஸ்லுர் ரஹ்மான் கான் 1929ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் திகதி அன்றைய பிரித்தானிய இந்தியாவின் வங்காளத்தில் பிறந்தார். தந்தையார் கணித ஆசிரியர், பாடநூல்கள் எழுதியவர், பின்னர் வங்காளத்தின் கல்விப் பணிப்பாளர் பதவிவரை உயர்ந்தவர். டாக்காவில் பாடசாலைக் கல்வி. பின்னர் கல்கத்தாவை அடுத்த சிப்பூரில் உள்ள பொறியியற் கல்லூரி. 1950இன் கலவரத்தால் அங்கே படிப்பை நிறைவு செய்ய முடியாமல் டாக்காவுக்குத் திரும்பி, அங்கே அசனுல்லா பொறியியற் கல்லூரியில் பட்டத்தைப் பெற்றார். கலவரம் வந்து படிப்பைக் குழப்புவதும், இன்னோர் ஊரில் இன்னொரு வாங்கில் அமர்ந்து அதை முடிப்பதும் எத்தகைய அனுபவம் என்பதை இந்தச் சபையில் இருப்பவர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

1952இல் புலமைப்பரிசில் பெற்று ஐக்கிய அமெரிக்காவின் இல்லினோய்ப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுமாணிப் பட்டங்களும் ஒரு கலாநிதிப் பட்டமும் பெற்றார். 1955இல் சிக்காகோவில் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அன்ட் மெரில் என்னும் கட்டடக்கலை நிறுவனத்தில் சேர்ந்தார். இடையில் தாயகத்துக்குத் திரும்பிக் கராச்சி அபிவிருத்தி அதிகாரசபையில் பதவி வகித்தார். நிர்வாக வேலைகள் வடிவமைப்புக்கு நேரம் விட்டுவைக்கவில்லை. 1960இல் மீண்டும் சிக்காகோவுக்கே சென்று பழைய நிறுவனத்தில் இணைந்தார்.

அவர் அங்கே என்ன செய்தார் என்பதை மாணவிகளுக்கு விளங்கும்படி சொல்ல விரும்புகிறோம். அதற்கு ரீச்சர் எமக்குச் சொல்லித்தந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறோம்.

உயர்ந்த கட்டடத்துக்கு முதல் எதிரி அதன் பாரம் என்று பலர் நினைக்கிறார்கள். பாரத்தைத் தாங்குவது பெரிய வித்தையல்ல. தூண்களைத் தடிப்பாக்கினால் போதும். உயரம் கூடக்கூடக் கட்டடத்தைச் சோதிப்பது காற்று. பக்கவாட்டில் வந்து தள்ளும் காற்று, நிலத்தில் நட்ட கம்பு ஒன்றை வளைப்பது போலக் கட்டடத்தை வளைக்கப் பார்க்கிறது. பழைய முறையில் கட்டடத்தின் உள்ளும் புறமும் எங்கும் தூண்களை நிறுத்தி, வளைகளால் இணைத்து, ஒரு கூட்டைப் போலக் கட்டினார்கள். அந்த முறையில் மாடிகள் கூடும்போது காற்றைச் சமாளிக்க மட்டும் தேவைப்படும் உருக்கு வேகமாகக் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் கட்டுபடியாகாது.

இப்போது எங்கள் வளவுப் பனையைப் பாருங்கள். சூறாவளியில் மாவும் வேம்பும் முறிந்து விழும். பனை ஆடும், பெரும்பாலும் நிற்கும். பனையைத் தறித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் வைரம் வெளிப்புறத்தில்தான் இருக்கிறது. நடுவிலே சோற்றி. சிலாகை அறுப்பதும் வெளிப்புறத்திலிருந்துதான். உள்ளே இருக்கும் சோற்றியைக் குடைந்து எடுத்துவிட்டுப் பீலியாகவும் பாவிப்பார்கள். வளைவை எதிர்க்கும் பொருள் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது பயன்படும். இது பிரயோக கணிதத்தின் ஒரு பாடம். பனைக்கு அது பிறவியிலேயே தெரிந்திருக்கிறது.

கான் செய்ததும் இதுதான். காற்றை எதிர்க்கும் வேலையைக் கட்டடத்தின் வெளிச்சுவருக்குக் கொடுத்தார். தூண்களைச் சுற்றுப்புறத்தில் நெருக்கமாக நிறுத்தி, ஒவ்வொரு மாடியிலும் வலுவான வளைகளால் இறுக்கிப் பிணைத்தார். நான்கு சுவர்களும் சேர்ந்து நிலத்தில் ஊன்றிய ஒரு குழாயைப் போல வேலை செய்தன. யன்னல்கள் அந்தக் குழாயில் இட்ட துளைகள். இம்முறையில் எழுந்த முதற் கட்டடம் சிக்காகோவில் உள்ள 43 மாடிகள் கொண்ட டிவிற் செஸ்நட் தொடர்மாடி வீடுகள். அது 1966இல் நிறைவுற்றது. கொங்கிறீற்றால் ஆனது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அதில் புதுமை எதுவும் தெரியாது.

அடுத்தது ஜோன் ஹான்கொக் கோபுரம். கட்டடக்கலைஞர் புரூஸ் கிரஹாமுடன் சேர்ந்து கான் வடிவமைத்த 100 மாடிகள். உயரம் 344 மீற்றர். கீழே கடைகளும் அலுவலகங்களும், மேலே குடும்பங்கள் வாழும் வீடுகளும், நடுவே ஒரு நீச்சல் தடாகமும் கொண்ட ஒரு நிமிர்ந்த ஊர் அது. அதன் வெளிச்சுவர்களில் பிரமாண்டமான குறுக்குச் சட்டங்கள் கத்தரி வடிவில் ஓடுகின்றன. அந்தச் சட்டங்கள் தூண்களை ஒன்றோடொன்று பிணைத்துக் காற்றின் சுமையைப் பகிர்ந்து கொடுக்கின்றன. இதன் பயன் என்ன? 1931இல் எழுந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு ஒரு சதுர மீற்றர் தளத்துக்கு ஏறக்குறைய 206 கிலோகிராம் உருக்குத் தேவைப்பட்டது. ஹான்கொக் கோபுரத்துக்கு ஏறக்குறைய 145 கிலோகிராம் போதுமாயிருந்தது. கானின் பெருமை உயரத்தில் இருக்கிறது என்று உலகம் பேசியது. அவர் எவ்வளவு குறைவாகச் செலவு செய்து அந்த உயரத்தை அடைந்தார் என்பதில்தான் அது இருக்கிறது என்று எமது ரீச்சர் சொல்வார்.

இக்கோபுரத்தைப் பற்றி இரண்டு செய்திகளை ஆசிரியைகளுக்காகவே தேர்ந்து வைத்திருக்கிறோம்.

ஒன்று. கான் அலுவலக வேலையோடு இல்லினோய் தொழில்நுட்ப நிறுவகத்தில் மாணவர்களுக்கு வழிகாட்டியும் வந்தார். குறுக்குச் சட்டக் குழாய் என்னும் எண்ணத்தை மிக்கியோ சசாக்கி என்னும் ஜப்பானிய மாணவர் 1964இல் தமது ஆய்வேட்டில், கானும் கட்டடக்கலைஞர் மைரன் கோல்ட்ஸ்மித்தும் வழிகாட்ட, ஆராய்ந்திருந்தார். வகுப்பறை மேசையில் வரைந்து பார்த்த எண்ணம் சில ஆண்டுகளில் நகரத்தின் நடுவே எழுந்து நின்றது. மாணவரோடு சேர்ந்து தானும் படிக்கிற ஆசிரியருக்குத்தான் இத்தகைய பேறு கிடைக்கும்.

இரண்டு. 1966இல் கோபுரத்தின் வேலை திடீரென்று நிறுத்தப்பட்டது. நிலத்தின் அடியில் வார்த்த அத்திவாரத் தூண் ஒன்று பாரம் ஏற்றியதும் இறங்கியது தெரியவந்தது. கொங்கிறீற்றுக்குள் வெற்றிடம் இருந்தது. மாதக்கணக்கில் வேலையை நிறுத்தி, ஏனைய தூண்களையும் சோதித்து, பழுதானவற்றைத் திருத்திய பின்னரே மேலே கட்டினார்கள். மேலே ஒரு மாடியும் கூடாமல் மாதங்கள் போவது எத்தனை பேரைப் பொறுமை இழக்கச் செய்திருக்கும்! ஆனால் நிலத்துக்குக் கீழே உள்ள பழுதை மேல்மாடியில் நின்று திருத்த முடியாது. இதை மனத்தில் வைத்திருங்கள். பிறகு திரும்பி வருவோம்.

ரீச்சரின் பத்திரிகை நறுக்கில் இருந்தது சியர்ஸ் கோபுரம். 110 மாடிகள், 442 மீற்றர். இங்கே கான் ஒரு குழாயோடு நிற்கவில்லை. ஒன்பது சதுரக் குழாய்களை மூன்று மூன்றாக அடுக்கி ஒன்றோடொன்று ஒட்டவைத்தார். அவற்றில் இரண்டு 50ஆம் மாடியோடும், இரண்டு 66ஆம் மாடியோடும், மூன்று 90ஆம் மாடியோடும் நின்றுவிட, மீதி இரண்டும் உச்சிவரை போயின. ஓர் ஈர்க்கைப் பிடித்து வளைத்தால் வளைந்துவிடும். கட்டாகக் கட்டிய விளக்குமாற்றை வளைக்க முடியாது அல்லவா? கதை அதுதான். எல்லா ஈர்க்கும் ஒரே நீளமாய் இருக்க வேண்டியதும் இல்லை. பாதியில் நின்ற குழாய்கள் தோற்றவை அல்ல. உச்சிக்குப் போன இரண்டையும் அடியில் பிடித்துக்கொண்டு நிற்பவை அவைதான். எமது வகுப்பின் ஐவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்தக் கோபுரம் எமக்கு நினைவுக்கு வரும்.

1998இல் மலேசியாவின் பெட்றோனாஸ் கோபுரங்கள் முந்தும்வரை உலகில் உயர்ந்த கட்டடமாக அது விளங்கியது. 2010இல் டுபாயில் திறக்கப்பட்ட 828 மீற்றர் உயரமான புர்ஜ் கலீபாவை வடிவமைத்ததும் கான் பணியாற்றிய அதே நிறுவனந்தான்.

அவருடைய கடைசிப் பெரும்பணிகளில் ஒன்று வானளாவியே அல்ல. சவூதி அரேபியாவின் ஜித்தா விமான நிலையத்தில் ஹஜ் யாத்திரிகர்களுக்காக அமைந்த தரிப்பிடம் அது. 45 மீற்றர் சதுரமான 210 துணிக் கூடாரங்கள், உருக்குக் கம்பங்களிலிருந்து வடக்கயிறுகளில் தொங்குகின்றன. பாலைவன வெயிலைத் தடுத்து, வெப்பக் காற்றை உச்சித் துவாரத்தால் வெளியேற்றி, இயந்திரக் குளிரூட்டல் இல்லாமலே நிழலும் காற்றும் தருகின்றன. பாமர மக்கள் பாயும் மூட்டையுமாய் வந்து தங்கும் இடத்துக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் கொடுத்தார். இதற்கு 1983இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது. விருதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1982ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி அதே ஜித்தா நகரில் மாரடைப்பால் காலமானார். வயது 52. சிக்காகோவில் அடக்கம் செய்யப்பட்டார்.

வெளிநாடுகளில் வாழும் எமது சகோதரிகளுக்காக இன்னொரு செய்தி. 1971இல் அவருடைய பிறந்த மண் போரில் எரிந்தபோது, சிக்காகோவில் இருந்த கான் கோபுர வேலைகளின் நடுவே மக்களைத் திரட்டி, நிவாரண நிதி சேர்க்கும் அமைப்பொன்றை நிறுவினார். அமெரிக்க அரசியலாளர்களுக்கு நிலைமையை எடுத்துரைத்தார். தூரத்தில் இருந்தபடி ஊருக்காகத் தவிப்பதும், தவிப்போடு நின்றுவிடாமல் ஏதேனும் செய்வதும் எப்படி என்பதை அவர் வாழ்க்கையில் காண்கிறோம். அவர் ரவீந்திரநாத் தாகூரின் பாடல்களை விரும்பிப் பாடுபவர். தொழில்நுட்பத்திலே தொலைந்துபோகக் கூடாது, கலையையும் மனிதரையும் மறக்கக் கூடாது என்று பொறியியலாளருக்கு அவர் அறிவுரை கூறுவதுண்டு.

இத்தகைய மனிதரை உலகம் எப்படிக் கௌரவித்தது? பங்களாதேசம் 1999இல் அவருக்குச் சுதந்திர விருது வழங்கி முத்திரையும் வெளியிட்டது. சிக்காகோவில் ஒரு வீதிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இவையெல்லாம் நல்லவை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சியர்ஸ் கோபுரத்துக்கு 2009இலிருந்து பெயர் வில்லிஸ் கோபுரம். ஜோன் ஹான்கொக் கோபுரத்துக்கு 2018இலிருந்து அந்தப் பெயரும் இல்லை. வீதி இலக்கத்தால்தான் அதை அழைக்கிறார்கள். பெரும் பணம் கொடுத்துப் பெயர் பொறித்த நிறுவனங்களின் பெயர்கள் கழன்றுவிட்டன. உள்ளே இருக்கும் குழாய் கழலவில்லை. இன்று எந்த நாட்டில் எந்த வானளாவி எழுந்தாலும் கான் கற்றுக்கொடுத்ததை ஏதோ ஒரு விதத்தில் பயன்படுத்தாமல் எழுவதில்லை.

அவருக்குக் கிடைத்த நினைவுச் சின்னங்களுள் எமக்கு மிகவும் பிடித்தது ஒரு புத்தகம். அவருடைய மகள் யாஸ்மின் சபீனா கானும் ஒரு கட்டமைப்புப் பொறியியலாளர். தந்தையாரின் பணியை விளக்கி 2004இல் ஒரு நூல் எழுதினார். அதை எழுத, மகளுக்குப் பாசம் மட்டும் போதாது. கணிதமும் தெரிந்திருக்க வேண்டும். தந்தையை உண்மையாகக் கௌரவிக்கும் தகுதியை அவருக்குக் கொடுத்தது அவருடைய படிப்பு.

எமது நாட்டுக்கும் இத்தகைய பெருமை உண்டு. கான் தமது முதற் குழாய்க் கட்டடத்தை எழுப்பிக்கொண்டிருந்த அதே 1960களில், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் கற்று நாட்டின் முதற் பெண் பொறியியலாளராக வெளிவந்தவர் பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை என்னும் தமிழ்ப் பெண். எமது வகுப்புத் தோழி பேராதனைக்குப் போனபோது வழி ஏற்கெனவே திறந்திருந்தது என்றால், அதைத் திறந்தவர் அவர்.

இனி எமது கல்லூரிக்கு வருகிறோம். இந்தப் பகுதியைச் சொல்வதா விடுவதா என்று ஐவரும் நீண்ட நேரம் வாதாடினோம். சொல்வதென்றே முடிவெடுத்தோம்.

நூற்றாண்டு ஞாபகார்த்தமாக மூன்று மாடிக் கட்டடம் கட்டுவதென்றும், நிதி தரும் ஒவ்வொருவரின் பெயரையும் சலவைக்கல்லில் பொறிப்பதென்றும் சங்கம் தீர்மானித்திருக்கிறது. எந்த மாடிக்கு யாருடைய பெயர், யாருடைய பெயர் மேலே, யாருடையது கீழே என்பதில் ஆறு மாதங்களாகக் கடிதங்கள் பறக்கின்றன. லண்டன் கிளைக்கும் கொழும்புக் கிளைக்கும் பேச்சுக் குறைந்துவிட்டது. இதே ஆண்டில் உயர்தரக் கணிதப் பிரிவில் இருக்கும் பிள்ளைகள் நால்வர். எங்களுடைய காலத்திலும் பார்க்க ஒருவர் குறைவு. இணைந்த கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாமல் இரண்டு தவணைகள் கழிந்துவிட்டன. நால்வரும் பின்னேரத்தில் பேருந்து ஏறி நகரத்துத் தனியார் வகுப்புக்குப் போகிறார்கள். வீட்டுக்கு வர இருட்டிவிடுகிறது. அதனால் ஒரு பிள்ளையை அடுத்த தவணையில் கலைப்பிரிவுக்கு மாற்றப் பெற்றோர் யோசிக்கிறார்கள்.

அத்திவாரத் தூணில் வெற்றிடம் என்று நாம் முன்னர் சொன்னது இதைத்தான்.

கட்டடம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மழைக்கு ஒழுகும் வகுப்பறைகளில் படித்தவர்கள் நாங்கள். எமது வேண்டுகோள் சிறியது. கட்டடம் இரண்டு மாடிகளோடு நிற்கட்டும். மூன்றாம் மாடியின் பணத்தை நிலையான வைப்பிலிட்டு, அதன் வட்டியிலிருந்து கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தொண்டர் ஆசிரியர்களுக்கு வேதனம் கொடுப்போம். தூரத்துப் பிள்ளைகளுக்கு விடுதியில் இடம் கொடுப்போம். குறைந்த உருக்கில் கூடிய உயரம் என்பது எமது நிதிக்கும் பொருந்தும். முதற் பங்காக எமது வகுப்பின் ஐந்து பேரும் கட்டடத்துக்கென்று வாக்களித்த தொகையை, பெயர் பொறிக்க வேண்டாம் என்ற எழுத்தோடு, இன்று தலைவி அவர்களிடம் கையளிக்கிறோம். பெயர் வேண்டாம் என்பதை எமக்குக் கற்றுத்தந்தவர் எதிரே இருக்கிறார்.

முன்னே இருக்கும் நான்கு பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எல்லோரும் பொறியியலாளராக வேண்டும் என்பதில்லை. சிலர் 50ஆம் மாடியில் நிற்கலாம், சிலர் 66இல், சிலர் 90இல். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றால் போதும். இருட்டும்வரை பேருந்துக்குக் காத்து நிற்கும்போது, வீதியோரத்துப் பனையை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அதன் வைரம் எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விடை வந்தால் ரீச்சரிடம் கொண்டுவந்து காட்டுங்கள். அவர் இப்போதும் சிவப்புப் பேனை வைத்திருக்கிறார்.